சுகாதாரக் குறையொன்றைப் பாராளுமன்ற வினாவாக்குவது எப்படி: கொழும்பு வாசிகளுக்கான வழிகாட்டி

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதாந்த மருந்துக்கு வரிசையில் நின்றவரின் கையில் "வெளியில் வாங்குங்கள்" என்ற துண்டு கொடுக்கப்படும்போது, அந்தச் செலவும் அலைச்சலும் ஒரு குடும்பத்தின் துன்பமாகவே முடிந்துபோகின்றன. அதே குறையைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாய்மூல விடைக்கான வினாவாகக் கேட்டால், அமைச்சரின் விடை பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகும். பின்னர் எவரும் அதை எடுத்துக்காட்டிக் கணக்குக் கேட்கலாம்.

முதலில் குறை யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையும் பொரளையிலுள்ள லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. கொழும்பு மாநகர சபை தனக்கெனத் தாய் சேய் நல நிலையங்களையும் மருந்தகங்களையும் நடத்துகிறது. வேறு சில வைத்தியசாலைகள் மேல் மாகாண நிர்வாகத்துக்கு உரியவை. முகவரி தவறினால், தமது அமைச்சுக்கு உரிய விடயம் அன்று என்ற ஒற்றை வரியோடு வினா முடிந்துவிடும்.

அடுத்தது சான்று. எந்த மருந்து, எந்தத் திகதியில் இல்லாதிருந்தது, வெளியில் எவ்வளவு பணம் கொடுக்க வேண்டியிருந்தது என்பவற்றைப் பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு திரட்டுங்கள். நோயாளியின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்த பின்னரே பிரதியை எவருக்கும் கொடுக்க வேண்டும். ஒருவருடைய நோய் அவர் சம்மதமின்றி ஊரறியக் கூடாது. கையிருப்பு விவரங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே கோரலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்ட வாரியாகத் தெரிவாகின்றனர். ஏனைய 29 பேர் தேசியப் பட்டியலில் வருகின்றனர். ஆகவே கொட்டாஞ்சேனைக்கென்றோ வெள்ளவத்தைக்கென்றோ தனி உறுப்பினர் இல்லை. கொழும்பு மாவட்டத்தின் எந்த உறுப்பினரையும் நீங்கள் அணுகலாம். சுகாதாரம் பற்றி முன்னர் வினா எழுப்பியவர் யார் என்பதை ஹன்சாட்டில் தேடிப் பார்த்துத் தெரிவுசெய்வது நல்லது. தமிழ் பேசுபவரைத்தான் நாட வேண்டும் என்பதும் இல்லை. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை சிங்களத்திலோ தமிழிலோ கடமையாற்றும் உரிமையை உறுப்பினர்களுக்குத் தருகிறது, சபையில் உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு; எனவே ஒரு பக்கக் குறிப்பை இரு மொழிகளிலும் தயாரித்துக் கொடுத்தால் போதும்.

வினாவின் வாசகமே எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. "மருந்துத் தட்டுப்பாட்டுக்கு அரசாங்கம் என்ன செய்கிறது?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்ற விடையே கிடைக்கும், அதைச் சரிபார்க்க வழியில்லை. மாறாக, குறித்த மருந்து குறித்த வைத்தியசாலையில் கடந்த ஆண்டில் எத்தனை நாட்கள் கையிருப்பில் இல்லை, கொள்வனவுக் கட்டளை எப்போது வழங்கப்பட்டது, எந்தத் திகதிக்குள் வந்து சேரும் என்று அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா எனக் கேட்டு, வழக்கமான "இன்றேல், ஏன்?" என்ற பகுதியையும் சேர்த்தால், இலக்கமும் திகதியும் இல்லாமல் விடை சொல்வது கடினமாகிவிடும். நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விடயத்தைச் சபையில் பேச, சபை நடவடிக்கை விதிகளான நிலையியற் கட்டளைகள் இடமளிப்பதில்லை என்பதால், வழக்கு எதுவும் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சபை அமர்வு முடியும் வேளையில் ஒரு விடயத்தை விவாதிக்கக் கொண்டுவரப்படும் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை, வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சின் செலவினத் தலைப்பு மீதான விவாதம் ஆகியனவும் பயன்படும். தனியொருவருக்கு நிர்வாகத்தால் இழைக்கப்பட்ட அநீதியாயின், உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுக் கொடுப்பதே பொருத்தமானது.

சபையில் விடை கிடைத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. கொவிட் காலத்தில் இறந்தோரின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டதை முஸ்லிம் குடும்பங்கள் எத்தனை வேதனையோடு தாங்கின என்பதைக் கொழும்பு மறக்கவில்லை. 2021 பெப்ரவரி 10ஆம் திகதி, கொழும்பு மாவட்ட உறுப்பினர் எஸ். எம். மரிக்கார் எழுப்பிய வினாவுக்குப் பதிலளித்த அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ச, அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்றார். ஆயினும் அதற்கான வர்த்தமானி பெப்ரவரி 25ஆம் திகதிதான் வெளிவந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் மார்ச் 5ஆம் திகதியே நடந்தது. சபையில் சொல்லப்பட்ட ஒரு சொல் வர்த்தமானியாகவோ சுற்றறிக்கையாகவோ மாறும் வரைக்கும் துயரம் தொடரத்தான் செய்கிறது.

ஆகவே விடை பதிவான ஹன்சாட் பக்கம் வெளிவந்ததும் அதைப் பிரதியெடுத்து வையுங்கள். அமைச்சர் சொன்ன திகதி கடந்ததும், அந்த வாக்குறுதியை நிறைவேற்ற வெளியிடப்பட்ட சுற்றறிக்கையின் பிரதியைத் தகவல் அறியும் விண்ணப்பத்தின் மூலம் கோருங்கள். கிடைத்த பதிலையோ, பதில் வரவில்லை என்ற செய்தியையோ அதே உறுப்பினரிடம் கொடுத்து, அடுத்த வினாவுக்கு அறிவித்தல் கொடுக்கச் செய்யுங்கள்.