நீலகிரியில் இருந்து டெக்னிக்கல் டைவிங்: எங்கே தொடங்குவது?

பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே இறங்கவும், தலைக்கு மேல் பாறை மூடிய குகைகளுக்குள் போகவும் கற்றுத்தருவதுதான் டெக்னிக்கல் டைவிங். 2007இல் மெக்சிகோவின் யுகதான் பகுதியில், நீர் நிறைந்த குகையில் 12,000 ஆண்டுக்கும் பழைய ஒரு சிறுமியின் எலும்புக்கூட்டைக் கண்டவர்கள் இப்படிப் பயின்ற குகை டைவர்கள்தான். மலையில் வளர்ந்தவர்களுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

படி 1: அழுத்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் போய்ச் சேருவதற்குள் உப்பிவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளக்கிறோம். கடல் மட்டத்தில் 1 பார்; 2,240 மீட்டர் உயர ஊட்டியில் ஏறக்குறைய 0.77 பார். கடலுக்குள் 10 மீட்டருக்கு 1 பார் கூடும். 30 மீட்டரில் மொத்தம் 4 பார்.

படி 2: அடிப்படைப் பயிற்சி

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று), ரெஸ்க்யூ (மீட்பு) என்ற பயிற்சிகளை வரிசையாக முடியுங்கள். அவசரம் வேண்டாம். நீருக்குள் ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்கப் பழகாதவருக்கு அடுத்த படி ஆபத்து.

படி 3: வாயுக் கணக்கு

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உயிரே இதுதான். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. ஆழம் சுமார் 53 மீட்டர். அங்கே அழுத்தம் 6.3 பார். சாதாரணக் காற்றில் 79 சதவீதம் நைட்ரஜன் என்பதால், நைட்ரஜன் மட்டும் 5 பார் வரும்; போதை ஏறியதுபோல் புத்தி மந்தமாகும். 21 சதவீத ஆக்சிஜன், 35 சதவீத ஹீலியம், மீதி 44 சதவீத நைட்ரஜன் கலந்த ட்ரைமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்:

6.3 × 0.44 = 2.77 பார்

சாதாரணக் காற்றோடு 25 மீட்டரில் இருக்கும் நைட்ரஜன் அளவு இது. கப்பலின் பீரங்கியைத் தெளிந்த மனதோடு பார்க்கலாம். ஆக்சிஜனையும் இப்படியே பெருக்குங்கள்; 1.4 பாரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வலிப்பு வரலாம்.

படி 4: நிறுத்தி நிறுத்தி ஏறுதல்

ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜனும் ஹீலியமும் மெதுவாக வெளியேற வேண்டும். அதனால் குறித்த ஆழங்களில் குறித்த நிமிடங்கள் நிற்க வேண்டும். இதைப் பயிற்சியாளர் கூடவே இருந்துதான் கற்க முடியும்.

படி 5: வீடு திரும்புதல்

டைவ் முடித்தபின் மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான்: வெளி அழுத்தம் குறைவதால், உடம்பில் மிச்சமிருக்கும் வாயு குமிழிகளாகிவிடலாம். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கினால் 18, நிறுத்தங்களோடு ஏறிய டைவ் என்றால் 24க்கும் மேல் காத்திருங்கள். புதுச்சேரியில் மதியம் இரண்டு மணிக்குக் கரையேறி, சென்னை வந்து அன்றிரவே நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால், காலையில் மேட்டுப்பாளையத்தில் வண்டி ஏறும்போது 17 மணி நேரம்கூட ஆகியிருக்காது. டிக்கெட்டை மறுநாள் இரவுக்குப் போடுங்கள்.

அப்படியும் ஏறும் வழியில் மூட்டு வலியோ கைகால் மரத்துப்போவதோ தெரிந்தால், பர்லியாறிலேயே வண்டியைத் திருப்பிக் கீழே இறங்குங்கள். ஆக்சிஜன் தரும் மருத்துவமனைக்குப் போய், டைவ் செய்ததை முதல் வார்த்தையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.