பழைய கமிட்டுகளை விட்டுவிடாமல் கிட்டுக்கு மாறுவது

நாங்கள் மூன்று பேர் அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். நான் கிளிநொச்சி, ஒருவர் மாங்குளம், மற்றவர் புதுக்குடியிருப்பு. நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கப் பல வருடம் சப்வெர்ஷன்தான் பாவித்தோம். கிட்டும் அதே வேலைக்கான மென்பொருள்தான். சப்வெர்ஷனில் கமிட் செய்ய, அதாவது ஒரு திருத்தத்தைக் குறிப்போடு பதிய, சேர்வரோடு தொடர்பு இருக்க வேண்டும். காலபோக அறுவடை நேரம் ஆலை வாசலில் நெல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர்கள் வரிசையாக நிற்கும். அங்கேயே இருந்து பில் பிழையைத் திருத்துவேன், ஆனால் இணைய லைன் இருக்காது. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது நாலு திருத்தம் ஒன்றோடொன்று கலந்து ஒரே கமிட்டாகப் போகும். கிட்டில் கமிட் உங்கள் கணினியிலேயே பதிவாகும். லைன் வந்ததும் சேர்வருக்குப் புஷ் செய்யலாம், அதாவது அனுப்பலாம்.

மாறும்போது கடைசி நிலையை மட்டும் எடுத்துப் புதிதாகத் தொடங்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் பழைய கமிட் ஒன்றில் இப்படி ஒரு குறிப்பு: "ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் கழிவை மொத்த எடையில் போடு, மூட்டைக் கணக்கில் போட்டால் அரைக் கிலோ பிசகுது." எழுதிய தம்பி இப்போது கனடாவில். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அந்த வரியைப் பிழை என்று நினைத்து நானே அழித்திருப்பேன்.

சரி, வேலைக்கு வருவோம். இணையம் வழியாக இழுக்க வேண்டாம். சேர்வர் இருக்கும் இடத்துக்கே போய், எஸ்விஎன்அட்மின் டம்ப் கட்டளையால் முழு ரெப்போவையும் (கோப்புகளும் கமிட்டுகளும் சேர்ந்த களஞ்சியம்) ஒரே கோப்பாக எடுத்துப் பென்ட்ரைவில் கொண்டு வாருங்கள். உங்கள் மடிக்கணினியில் வெற்று சப்வெர்ஷன் ரெப்போ ஒன்றை உருவாக்கி அதை லோட் செய்யுங்கள். இனி எல்லாம் உள்ளூர் வேலை, வேகமும் அதிகம்.

அடுத்தது பெயர்க் கோப்பு. இதில் நேரம் செலவழியுங்கள். சப்வெர்ஷன் லாக்கில் வரும் ஒவ்வொரு பயனர் பெயருக்கும் எதிரே சமக்குறி போட்டு, முழுப் பெயரையும் மின்னஞ்சலையும் எழுத வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் கிட்டுக்கு மாற்றும் வேலை அந்தக் கமிட்டிலேயே நின்றுவிடும். பயப்பட வேண்டாம், பெயரைச் சேர்த்துவிட்டு கிட் எஸ்விஎன் ஃபெட்ச் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிறகு அந்தக் கோப்பைக் காட்டி கிட் எஸ்விஎன் குளோன். லோட் செய்த ரெப்போவைக் கிட் ரெப்போவாக நகலெடுக்கும் கட்டளை இது. உபுண்டுவில் கிட் எஸ்விஎன்னைத் தனியாக நிறுவ வேண்டும். ரெப்போ ட்ரங்க் (முதன்மை நிரல்), பிராஞ்சஸ் (தனியாக வளரும் கிளைகள்), டேக்ஸ் (பெயரிட்டு வைத்த நிலைகள்) என்று வழமையான அமைப்பில் இருந்தால் ஸ்டாண்டர்ட் லேஅவுட் தெரிவைக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் கிளைகள் எல்லாம் வெறும் ஃபோல்டர்களாக வந்து விழும். டேக்குகள் தூரக் கிளைகளாகத்தான் வரும், அவற்றைக் கிட் டேக்குகளாக நீங்களே மாற்ற வேண்டும்.

வெற்று ஃபோல்டரைக் கிட் கணக்கில் எடுக்காது. பில் பிடிஎஃப் விழுகிற ஃபோல்டர் எங்களிடம் வெறுமையாக இருந்தது. மாறிய முதல் நாள் ஓர் ஆலையில் ஒரு பில்லும் அச்சாகவில்லை, விவசாயிகள் வெயிலில் காத்து நின்றார்கள். குளோன் செய்யும்போதே வெற்று ஃபோல்டர்களைக் காக்கும் தெரிவையும் போடுங்கள்.

பழக்கத்தில் ஒன்று கட்டாயம் மாற வேண்டும். சப்வெர்ஷனில் ரிவர்ட் என்றால் கமிட் செய்யாத மாற்றத்தைக் கைவிடுவது. கிட் ரிவர்ட் அதுவல்ல, முன்பு செய்த ஒரு கமிட்டை எதிர்மாற்றி இன்னொரு கமிட் போடும். நீங்கள் தேடுவது கிட் ரிஸ்டோர்.

எல்லோரும் ஒரே நாளில் மாறுங்கள், அன்றே பழைய ரெப்போவை வாசிக்க மட்டும் விடுங்கள். மழையில் லைன் நாட்கணக்காகப் போனால் கிட் பண்டில் இருக்கிறது. எல்லாக் கிளைகளையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். புதுக்குடியிருப்புக்கு நாங்கள் அதைப் பென்ட்ரைவில் போட்டு பஸ்ஸில் அனுப்புகிறோம். அங்கே அந்தக் கோப்பையே காட்டிப் புல் செய்தால் கமிட்டுகள் பெயரோடும் நேரத்தோடும் அப்படியே போய்ச் சேர்கின்றன.