புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸா? உங்களுக்கே ஒரு கேர் பிளான் எழுதிப் பாருங்கள்

வார்டுக்குப் புதிதாக வரும் தங்கைகளிடம் "அடுத்து என்னம்மா செய்யப் போறே?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டே பதில்தான். "யு.கே. போகணும் அக்கா." இல்லையென்றால், "எம்.ஆர்.பி. எழுதி கவர்மெண்ட்ல சேரணும்." (எம்.ஆர்.பி. என்பது அரசு மருத்துவமனை வேலைகளுக்கு ஆள் எடுக்கும் வாரியம் நடத்தும் தேர்வு.) நல்ல ஆசைகள்தான். ஆனால் நோயாளிக்காக நாம் எழுதும் பராமரிப்புத் திட்டமான கேர் பிளானில் "குணமாக வேண்டும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நம் டியூட்டர் ஒப்புக்கொண்டிருப்பாரா? "இரண்டு நாளில் நோயாளி துணையோடு பாத்ரூம் வரை நடப்பார்" என்று எழுதத்தானே பழக்கினார்கள்?

அசெஸ்மென்ட், டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமென்டேஷன், எவாலுவேஷன். படிக்கும்போது எழுதி எழுதிக் கை வலித்த அதே ஐந்தையும் இந்த முறை நமக்கே போடப் போகிறோம். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

இலக்கை இப்போதே எழுத வேண்டாம். டூட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் இரண்டு வரி மட்டும்: இன்று எதற்கு இன்னொருவரைக் கூப்பிட்டேன், எங்கே கை நடுங்கியது. பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் வர முக்கால் மணி நேரம் ஆகும்; உட்கார இடம் கிடைத்த நாளில் நான் அங்கேயே எழுதிவிடுவேன். ஒரு வாரத்தில் ஒரே விஷயம் மூன்று நான்கு தடவை வந்திருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்.

படி 2: காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

அந்த ஒன்று, ஐ.வி. லைன் போடுவது, அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் சின்னக் குழாய் செருகுவது, என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு லைன் போடவே வராது" என்பது டயக்னோசிஸ் இல்லை, புலம்பல். எந்த இடத்தில் தவறுகிறது என்று பாருங்கள். ரத்தமே வரவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் வெயின் (ரத்தக்குழாய்) தேர்வில்தான் கோளாறு. கண்ணுக்குத் தெரிவதைவிட, விரலால் அழுத்தி விட்டால் மெத்தென்று எழும் வெயின்தான் நம்பகமானது. ரத்தம் வந்த பிறகும் கேனுலா (ஊசியின் மேல் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) உள்ளே போகவில்லையா? ரத்தம் தெரிந்ததும் கோணத்தைத் தாழ்த்தி, ஊசியை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, அதன் பிறகே கேனுலாவைத் தள்ள வேண்டும். அவசரத்தில் பலர் அந்த நடு வேலையை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை, இரண்டுக்கும் வேறு வேறு பயிற்சி.

படி 3: இலக்கை ஒரு வரியில் எழுதுங்கள்

இப்படி: "வரும் 30ஆம் தேதிக்குள், நல்ல வெயின் உள்ள பெரியவர்களுக்கு, சீனியர் பக்கத்தில் இருக்க, 20 லைன் போடுவேன், அதில் 15 முதல் முயற்சியிலேயே கிடைக்க வேண்டும்."

தேதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. யாருக்கு என்ற வரம்பும் இருக்கிறது. அந்த வரம்புதான் எனக்கு மிக முக்கியம். குழந்தைகள், ஷாக்கில் இருப்பவர்கள், கீமோவால் வெயின் கெட்டுப்போனவர்கள் இந்தப் பட்டியலில் வரக்கூடாது. டயாலிசிஸ் நோயாளியின் ஃபிஸ்டுலா கையை (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையை)த் தொடவே கூடாது. இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் ட்ரேயை வைத்துவிட்டு அனுபவசாலியைக் கூப்பிடுங்கள். நோட்டில் அதையும் எழுதுங்கள். நம் இலக்குக்காக யாரும் ஒரு குத்து கூடுதலாக வாங்கக்கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

படி 4: ரோஸ்டரை (டூட்டி அட்டவணையை)ப் பக்கத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டி ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். அடுத்த வாரமே மதிய டூட்டி போட்டார்கள், அப்புறம் நைட். வகுப்புக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் அது. இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

அதனால் மாத ரோஸ்டர் வந்த பிறகே நாட்களைக் குறியுங்கள். லைன் பழக அட்மிஷன் அதிகம் வரும் ஷிஃப்ட் நல்லது. நைட் முடிந்த மறுநாள் எதையும் போடாதீர்கள், அது தூக்கத்துக்கு. இன்சார்ஜ் சிஸ்டரிடம் "எனக்குக் கத்துக்கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால், "பார்க்கலாம்மா" என்றுதான் பதில் வரும். "சிஸ்டர், இந்த மாசம் 20 லைன் போட்டுப் பழகணும், புது அட்மிஷன் வந்தா நான் போடட்டுமா, நீங்க பக்கத்துல நிப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மறுப்பவர்கள் குறைவு.

படி 5: தேதி வந்ததும் மதிப்பிடுங்கள்

நிறைவேறியது, ஓரளவு நிறைவேறியது, நிறைவேறவில்லை. கேர் பிளானில் எழுதும் அதே மூன்றில் ஒன்று. 20க்குப் பதில் 11தான் முடிந்ததா? சரி, ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, தேதியையோ திட்டத்தையோ மாற்றுங்கள். நோயாளிக்குப் பலன் கிடைக்காதபோது நாம் பிளானைத்தான் திருத்துகிறோம், அவரைத் திட்டுவதில்லை. உங்களையும் அப்படியே நடத்துங்கள்.

படி 6: பெரிய ஆசையையும் இதே மாதிரி உடையுங்கள்

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்தவர்களுக்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டப் படிப்பு இரண்டு வருடம், அந்த இரண்டு வருடம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதே அங்கே முதல் கேள்வி. எம்.ஆர்.பி. என்றால், நர்சிங் பாடங்களை வாரம் ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

யு.கே. என்றால் ஓ.இ.டி., மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் பி கிரேடு, எழுதுவதில் குறைந்தது சி பிளஸ் வேண்டும். எழுதும் பகுதிக்கு 45 நிமிடம். கேஸ் நோட்ஸைப் படித்து, பெரும்பாலும் ஒரு ரெஃபரல் அல்லது டிஸ்சார்ஜ் கடிதம் எழுத வேண்டும். அதற்கான பயிற்சி நம் வார்டிலேயே தினமும் கிடக்கிறது. "இரண்டு மாதத்தில் 16 கடிதம், வாரம் இரண்டு" என்று நோட்டில் எழுதுங்கள். முதல் கடிதத்தை, அடுத்து டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியை மனதில் வைத்து எழுதிப் பாருங்கள். அவர் பெயரும் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்ணும்), அவரை அடையாளம் காட்டும் வேறு எதுவும் உங்கள் நோட்டில் இருக்கக்கூடாது.