வீட்டில் அடைத்த தோட்டாவை நண்பருக்குக் கொடுக்கும் முன்

அண்ணன் மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். ஆறு மாதமாக வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்கிறான்; அதாவது, சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, முனையில் குண்டு வைத்து மறுபடி தோட்டா ஆக்குகிறான். போன வாரம் ராத்திரி கூப்பிட்டு, "சித்தப்பா, துப்பாக்கி சுடற ரேஞ்சுல நம்ம ஊர்ப் பயலுவ நாலு பேரு இருக்காங்க. ஆளுக்கு ஒரு டப்பா அடைச்சுக் குடுக்கட்டா?" என்று கேட்டான். கல்லிடைக்குறிச்சியில் வளர்ந்தவன் அப்படித்தான் கேட்பான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதிரசம் சுட்டால் நாலு வீட்டுக்குத் தட்டு போகும்.

நானும் டெக்சாஸில் 18 வருஷம் இருந்து, அதில் 12 வருஷம் ரீலோட் செய்தவன். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் என் தவறு. நண்பர் ஒருவருக்கு .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா ரகத்தில் 20 தோட்டா கொடுத்தேன். என் ரைபிளில் ஒரு குறை இல்லாமல் சுட்டவை. அவர் மூன்றாவது தோட்டாவைச் சுட்டதும் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் தண்டு) கையால் தூக்க முடியவில்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டித்தான் திறந்தார். வெளியே வந்த கூட்டில் பிரைமர் தட்டையாக அமுங்கியிருந்தது. "போதும்" என்று சொல்லி அடுத்ததைச் சுடாமல் வெளியே எடுக்கச் சொன்னேன். பித்தளைக் கூடு மட்டும் வந்தது. குண்டு பேரலில், அதாவது குழலில், மாட்டிக்கொண்டது. பென்சில் முனை நொறுங்கினாற்போல மருந்து, தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் சிந்திக் கிடந்தது.

காரணம் எளிது. என் ரைபிளில் குண்டு பேரலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளைத் தொடுவதற்கு முன்னால் இடம் அதிகம். அதற்கு ஏற்றமாதிரி குண்டை வெளியே நீட்டி அடைத்திருந்தேன். அவருடைய ரைபிளில் அந்த இடம் குறைவு. போல்ட்டை மூடும்போதே குண்டு வரிகளில் போய்ச் செருகிவிட்டது. அப்படி அழுத்தி நிற்கிற குண்டைச் சுட்டால் அழுத்தம் ஏறும். .308-க்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிற உச்ச வரம்பே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதற்கு மேல் போகிற ஒவ்வொன்றும் சுடுகிறவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நடக்கிறது. அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கடைத் தோட்டா அந்த ரகத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பொதுவான அளவில் வருகிறது. நாம் வீட்டில் அடைப்பது ஒரு துப்பாக்கிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சுட்டதும் நம் துப்பாக்கி அளவுக்கு உப்பிய கூட்டின் கழுத்தை மட்டும் சுருக்கி, உடம்பைச் சுருக்காமல் விட்டால், அடுத்தவர் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) நுழையாமலே போகலாம்.

அதனால் அவனிடம் நான் சொன்ன முதல் வழி: தோட்டாவைக் கொடுக்காதே, நண்பரை வீட்டுக்குக் கூப்பிடு. தோட்டா அடைக்கிற உன் பிரஸ்ஸில் அவரே உட்கார்ந்து, அவர் துப்பாக்கிக்கு, அவர் கையால் அடைக்கட்டும். மருந்துக் கம்பெனி வெளியிடுகிற அட்டவணையில் ஆரம்ப அளவு என்று ஒன்று இருக்கும், அங்கிருந்து தொடங்கட்டும். நீ பக்கத்தில் இருந்து தராசைப் பார்த்துக்கொள்.

தராசு என்றதும் அப்பா நினைவு வருகிறது. அப்பா தங்க வேலை செய்தவர். நிறுக்கும்போது பட்டறையில் ஃபேன் ஓடக் கூடாது. தராசு கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கும். மருந்துத் தராசுக்கும் அதே மரியாதை வேண்டும். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெயின் எடை. நாம் மருந்தை 0.1 கிரெயின் கணக்கில் நிறுக்கிறோம். அதாவது குன்றிமணியை இருபதாகப் பங்கிட்டு அதில் ஒன்று. ஏசி காற்று நேராகப் பட்டாலே முள் ஆடும்.

சரி, கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அவர் துப்பாக்கியைப் பார்க்காமல் கொடுக்காதே. பிஸ்டல் என்றால் பேரலைக் கழற்றி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டுப் பார். டொக்கென்று போய் உட்கார வேண்டும். கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். தயங்குகிறதை ஒதுக்கிவிடு. பிஸ்டலுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. சில வேக மருந்துகள் கொஞ்சமாகத்தான் போடவேண்டியவை; கை தவறி இரண்டு தடவை விழுந்தாலும் கூட்டுக்குள் அடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு தடவை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கிற மருந்தாக எடு. குண்டு வைக்கும் முன் 50 கூட்டையும் கட்டையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார். நான் இரண்டு முறை பார்ப்பேன்.

கடைத் தோட்டா வந்த பழைய அட்டைப் பெட்டியில் மட்டும் போட்டுக் கொடுக்காதே. வாங்கியவர் மறந்துபோய் கம்பெனிச் சரக்கு என்று மூன்றாம் ஆளுக்குக் கொடுத்துவிடுவார். தனி டப்பா, மேலே சீட்டு: எந்த ரகம், குண்டின் எடை, மருந்தின் பெயரும் அளவும், பிரைமர், மொத்த நீளம், அடைத்த தேதி, எந்தத் துப்பாக்கிக்கு அடைத்தது, உன் பெயர்.

முதல் ஐந்தை அவர் சுடும்போது நீ பக்கத்தில் நில். வாயால் இதையும் சொல்லிவிடு: வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொத்' என்று கேட்டால் அடுத்ததைச் சுடக் கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். பின்னால் இன்னொன்று போனால் பேரல் வெடிக்கலாம். துப்பாக்கியின் வாயை ஆளில்லாத இலக்குப் பக்கமே பார்க்க வைத்து, தோட்டாவை எடுத்து, பேரலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு. அப்புறம், டெக்சாஸ் வெயிலில் டப்பாவைக் காரில் போட்டு வைக்க வேண்டாம் என்று சொல். சூடேறிய மருந்து அழுத்தத்தைக் கூட்டும்.

சட்டத்திலும் ஒரு கண் வேண்டும். அமெரிக்காவில் விற்பதற்காகத் தோட்டா தயாரிப்பதைத் தொழிலாகச் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் தேவை; அதனால் காசே வாங்காதே. நம் பையன்கள் கவனிக்காமல் விடுவது விசா விஷயம். எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள், செல்லுபடியான வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாவிட்டால், தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். தெரிந்து கொடுத்தவரும் மாட்டுவார். "நாலு பேர்ல எத்தன பேருக்கு கிரீன் கார்டுடா?" என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கு" என்றான். மற்ற இருவருக்கும் வேட்டை லைசென்ஸ் இல்லையாம். அவர்கள் கணக்கு அங்கேயே முடிந்தது.

ஊரில் இந்தப் பேச்சே வேண்டாம். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா வைத்திருக்கவும் தயாரிக்கவும் கைமாற்றவும் லைசென்ஸ் வேண்டும். பொங்கலுக்கு அவன் வருகிறான். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையில் துணி அடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அடித்தையலுக்குள் ஒரு தோட்டா உருண்டு கிடந்து விமான நிலையத்தில் தெரிந்தால் போலீஸ் வழக்கு. வேறு பை வாங்கிவிட்டானாம். நேற்று படம் அனுப்பினான்.