ஏ.சி.எல். அறுவைக்குப் பின் எலும்பில் என்ன நடக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும்

ஏ.சி.எல். என்பது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ஜவ்வு. அது கிழிந்து மாற்று வைக்கும்போது தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் பொதுவாக 7 முதல் 10 மி.மீ. அகலத்தில் துளை போடுகிறார்கள். மாற்று ஜவ்வு அந்தத் துளைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முட்டிச் சில்லிலிருந்து எலும்புத் துண்டோடு எடுத்த ஜவ்வு என்றால் 6–8 வாரம், பின்தொடைத் தசைநாண் என்றால் 8–12 வாரம் பிடிக்கும். வலி குறைந்து தைரியம் வரும் அந்த நாட்களில்தான் ஜவ்வு மிகவும் பலவீனமாக இருக்கிறது. ஓட ஆசைப்படாதீர்கள்.

முதலில் காலை முழுதாக நீட்ட வேண்டும். மடக்குவது பிறகு வந்துவிடும். நீட்டுவதில் விட்டதைப் பிடிப்பது கஷ்டம். சுருட்டிய துண்டின் மேல் குதிகாலை வையுங்கள். முட்டிக்குக் கீழே எதுவும் வேண்டாம். 10 நிமிடம், நாளைக்கு நான்கு முறை. தூங்கும்போதும் முட்டிக்கடியில் தலையணை கூடாது. வாரம் ஒருமுறை கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழ்ப்பகுதி கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 1 செ.மீ. வித்தியாசம் என்றால் நீட்டுவதில் ஏறக்குறைய 1 டிகிரி குறைவு. பயிற்சி செய்தும் வித்தியாசம் குறையாமல், நீட்டும்போது முன்பக்கம் 'டக்'கென்று தட்டினால், ஜவ்வின் முன்னால் தழும்புக் கட்டி வளர்ந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் தெரியும், ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலம் அகற்றலாம்.

துளை அகலமாவது பலருக்கு நடக்கிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். ஜவ்வு துளைக்குள் அசைவதும் மூட்டு நீர் உள்ளே கசிவதும் காரணம். பின்தொடைத் தசைநாணில் இது கூடுதல். முட்டி உறுதியாக இருந்தால் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. ஜவ்வு மறுபடி அறுந்தால்தான் சிக்கல்: துளை சுமார் 14 மி.மீ. தாண்டியிருந்தால் முதலில் எலும்புத் தூளால் நிரப்பி, சில மாதம் ஆறவிட்டு, பிறகே புது ஜவ்வு வைப்பார்கள். அளவைச் சரியாகச் சொல்வது சி.டி. ஸ்கேன். முதல் அறுவையின் குறிப்பையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஜவ்வைப் பிடித்து வைக்க எந்த ஸ்க்ரூ, துளை எவ்வளவு அகலம் என்பது அதில்தான் இருக்கும்.

முட்டிச் சில்லிலிருந்து எலும்பு எடுத்தவர்கள் முதல் மூன்று மாதம் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு எடுத்த பள்ளத்தில் சில்லு உடையலாம். ஈரமான குளியலறைத் தரைதான் பெரிய பயம்.

காய்ச்சலோடு முட்டி சூடாகி வீங்கினால், தையலில் நீர் வடிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டால் கிருமி எதுவென்று கண்டுபிடிப்பதே கடினமாகும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றே காட்டுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் 108-ஐ அழையுங்கள்.