மார்கழிப் பூக்கள்: வீட்டுக்குள் வைக்கும்போது செய்யும் தப்புகள்

பனிக்காலத்தில் மல்லிகைச் செடி அடங்கிவிடும். பூக்கடையில் விலையைக் கேட்டு மலைத்துத் திரும்பும்போதுதான், நம் தோட்டத்தில் வேறு என்ன பூத்திருக்கிறது என்று கண் தேடும். மரமல்லி, பவழமல்லியின் கடைசிச் சுற்று, சம்பங்கி, பன்னீர் ரோஜா, மரிக்கொழுந்து. ஆசையாய்ப் பறித்து வீட்டுக்குள் வைக்கிறோம். மதியத்துக்குள், "என்ன, வாசமே இல்லையே?" என்ற கேள்வி வந்துவிடும்.

பூ மேல் தப்பில்லை. ஒவ்வொரு பூவுக்கும் மணக்க ஒரு நேரம் இருக்கிறது. நாம் அதைப் பார்க்காமல், ஜாடிக்கு எது எடுப்பாக இருக்கும் என்று மட்டும் பார்க்கிறோம்.

சம்பங்கி, மரமல்லி, பவழமல்லி மூன்றுமே இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை வெள்ளை நிறத்தாலும் மணத்தாலும் கூப்பிடுகிற பூக்கள். பகலில் மோந்து பார்த்துவிட்டு மணமில்லை என்று சம்பங்கியை ஒதுக்குபவர்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு அதே ஜாடியின் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். இதே காரணத்தால் அதைப் படுக்கையறையில் வைப்பதும் தப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மூடிய அறையில் நாலு தண்டுச் சம்பங்கி இருந்தால் சிலருக்குத் தலைவலியே வந்துவிடும். கூடத்திலோ வாசல் பக்கமோ வையுங்கள், காற்று கொண்டுவந்து தரும்.

அதிகம் வீணாவது பவழமல்லிதான். சாயங்காலம் விரிந்து, விடியும்போது உதிர்ந்துவிடுகிற பூ. தரையில் விழுந்ததை எடுத்துச் சாமிக்குப் போடலாம் என்ற சலுகை இதற்கு உண்டு. நாமோ எட்டு மணிக்கு, வெயில் ஏறிய பிறகு போய்ப் பொறுக்குகிறோம். அப்புறம் நேராக உருளித் தண்ணீரில் மிதக்கவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு மணி நேரத்தில் வெள்ளை இதழ் தண்ணீர் ஏறிக் கண்ணாடி மாதிரி ஆகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆரஞ்சுக் காம்பு மட்டும் மிஞ்சும். இப்போது முந்தின ராத்திரியே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிடுகிறேன். இருட்டு பிரிவதற்குள் அள்ளிவந்து, லேசாக ஈரம் துடைத்த வாழையிலையில் பரப்பி வைத்தால் காலை பூஜை முடியும்வரை நன்றாக இருக்கும். இன்னொரு வழி, மொட்டு வெடிக்கப்போகிற சின்னக் கிளையைச் சாயங்காலமே வெட்டித் தண்ணீரில் வைப்பது. ராத்திரி வீட்டுக்குள்ளேயே விரியும், காலையில் மேசையிலேயே உதிர்ந்து கிடக்கும். எனக்கு இதுதான் பிடித்தது. உருளிக்குச் செவ்வந்தியே போதும், தண்ணீரைத் தாங்கும்.

பூ வாடாமல் இருக்க மேலே தண்ணீர் தெளிப்பது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். கோடையில் சரி. மார்கழியில் ரோஜாவுக்கு அது ஆகாது. ஏற்கெனவே பனியில் நனைந்த பூ. மூடிய, குளிர்ந்த வீட்டுக்குள் ஈரம் காயாமல் இதழ் ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து, பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர் காம்புக்குத்தான் வேண்டும், இதழுக்கு இல்லை.

ஜாடியில் சம்பங்கி வைப்பவர்கள் காம்பை ஒருமுறை வெட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். வெட்டிய வாயில் காற்றும் கிருமியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே ஏறாது. ஒருநாள் விட்டு ஒருநாள் அரை அங்குலம் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலையை உருவிவிடுங்கள், அதுதான் முதலில் அழுகி நாறும். சர்க்கரை போட்டால் மொட்டு விரியும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் வெறும் சர்க்கரை கிருமிக்கும் விருந்து. கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டு, தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும். சம்பங்கி அடியிலிருந்து மேலாகப் பூக்கும். வாடின அடிப்பூவைக் கிள்ளிக்கொண்டே வந்தால், மேல் மொட்டுகளுக்கு வழி கிடைக்கும்.

தை பிறக்கும் சமயம் இன்னொரு தப்பு நடக்கும். பொங்கலுக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பை ரோஜா வைத்த அதே தட்டில், அதே அலமாரியில் வைப்போம். பழுக்கிற வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியே விடும். பல பூக்களை அது சீக்கிரமே கிழடாக்கிவிடும். ஊதுபத்திப் புகையிலும் எத்திலீன் கொஞ்சம் உண்டு. அதைவிட, பத்தி வாசனையில் பூவின் மணம் எங்கே தெரியப்போகிறது? பூ மணக்கட்டும் என்று நினைத்தால் அன்றைக்குப் பத்தியைத் தள்ளி ஏற்றுங்கள்.

மணம் குறைந்துவிட்டது என்று இன்னும் நாலு பூ சேர்ப்பதும் வேண்டாம். மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும், அவ்வளவுதான். ஒரு தடவை தெருவரை போய்விட்டு வந்து கதவைத் திறந்து பாருங்கள்.

மரிக்கொழுந்தைத் தண்ணீரில் நிறுத்தாதீர்கள், அடி கறுத்துப் போகும். சின்னக் கட்டாகக் கட்டி ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் காய்ந்த பிறகும் மணக்கும். துணி அலமாரியிலும் வைக்கலாம். அரளியை மட்டும், குழந்தை கைக்கு எட்டும் உருளியில் போடாதீர்கள். பூ மட்டுமல்ல, இலை, தண்டு எல்லாமே விஷம்.

மரமல்லிக்கு ஊசி நூல் எடுப்பது வீண் வேலை. நீளக் காம்பே நார். மூன்று பூவை எடுத்து, ஜடை போடுவதுபோல் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போனால் முழம் வந்துவிடும். அதை ஈரத்துணி விரித்த தட்டில் வளைத்து வையுங்கள். மறுநாள் பழுத்துப்போனதும் செடிக்கு உரமாகும்.