ஒரே முகத்தில் இரண்டு வெளிச்சம்

போன சனிக்கிழமை பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் ஐயாவின் உருவப்படத்தை முடித்துக் கொண்டுவந்து காட்டினான். ஐயாவின் தலைமேல் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. முகம் அருமை, மயிலும் அருமை. ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், சனிக்கிழமை பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கும் சர்ரியலிச உருவப்படம், அதாவது நிஜ முகத்தோடு கனவில் வருகிற மாதிரிப் பொருளைச் சேர்த்து வரைவது, சொல்லித் தருகிறேன். பிரஷ்ஷைக் கழுவாமல் விடுவது, பென்சிலை அழுத்திப் போடுவது இதையெல்லாம் எந்த டிராயிங் வாத்தியாரும் சொல்லிவிடுவார். அதனால் அவற்றை இங்கே எடுக்கவில்லை. இந்த வகைப் படத்துக்கே உரிய தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

முகத்துக்கு ஒரு வெளிச்சம், கனவுக்கு வேறு வெளிச்சம்

அந்தப் பையன் ஐயாவை வளவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து வரைந்திருக்கிறான். வளவில் வெளிச்சம் மேலிருந்து இறங்கும். நெற்றியும் மூக்குத்தண்டும் கன்னமேடும் பளிச்சென்றிருக்கும்; கண்குழியும் கீழுதட்டுக்கு அடியும் இருண்டிருக்கும். தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் கிடந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடைக்கு அடியில் லேசாகச் செம்மை ஏற்றும். அந்தச் செம்மையைக்கூடப் பையன் விடாமல் போட்டிருந்தான். மயிலை மட்டும் கூகுளில் எடுத்திருக்கிறான். அது சாயங்கால வெயில் இடப்பக்கத்திலிருந்து விழும்போது எடுத்த போட்டோ. மயிலின் நிழல் ஐயாவின் நெற்றியில் விழவே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டினது மாதிரி இருந்தது.

கனவுதானே, எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமே என்று கேட்பார்கள். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டபோது, அறிவின் கட்டுப்பாடு இல்லாமல் ஓடும் எண்ணத்தைப் பற்றித்தான் பேசினார். சரி. ஆனால் ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலியின் 'நினைவின் நிலைப்பேறு' ஓவியத்தைப் பாருங்கள். 1931இல் வரைந்தது, 24க்கு 33 சென்டிமீட்டர்தான் அளவு. கடிகாரம் துணி மாதிரி வழிந்து தொங்குகிறது. அதை நாம் நம்புவதற்குக் காரணம், துணி தொங்கினால் எங்கே மடியுமோ, எங்கே நிழல் தங்குமோ அங்கெல்லாம் அவர் சரியாகப் போட்டிருப்பதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் தங்கள் ஆயாவின் படம் கேட்டது. ஆயாவின் நெற்றியில் அந்த வீட்டு நிலைக்கதவு பாதி திறந்திருக்கிற மாதிரி யோசித்தேன். முகத்தை வளவில் வைத்து நேரில் பார்த்துப் போட்டேன். கதவை வாசலில் நின்று சாயங்காலம் போட்டோ எடுத்து, அதைப் பார்த்துப் போட்டேன். நாலு மாத வேலை. கொண்டுபோய் வைத்தபோது அந்த வீட்டு ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "ஆயா அப்படியே இருக்காக தம்பி. கதவைத்தான் யாரோ கொண்டாந்து ஒட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்றார்கள். வண்ணம் பிடித்துப் பழகாத ஒருவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, நாலு மாதம் கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டேனா? வீட்டில் விசேஷம் வருகிறதே என்ற அவசரத்தில் கதவின் மேலேயே திருத்தினேன். அடியில் ஆளிவிதை எண்ணெய் நிறையச் சேர்த்த வண்ணம், இன்னும் உள்ளே காயவில்லை. அதன்மேல் டர்பன்டைன் விட்டு மெலிதாக்கின பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணம். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டுதான் இறுகுகிறது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் இறுகிவிடும். மேலே இறுகிவிட்டது, அடியில் இன்னும் நெகிழ்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த கோடையில் ஆயாவின் நெற்றி முழுக்க வெடிப்பு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், எண்ணெய் கூடின பூச்சு மேலே என்று பாடம் நடத்தும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

என்ன செய்ய வேண்டும்? நெற்றியில் கதவு வேண்டுமென்றால் தீப்பெட்டி அட்டையில் ஒரு கதவு வெட்டுங்கள். உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குப் பக்கத்தில் அதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இருளுகிறது, நிழல் எங்கே விழுகிறது, ஒட்டியிருக்கும் இடத்தில் நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மை, தள்ளிப்போகப் போக எப்படிக் கலங்குகிறது, எல்லாம் தெரியும். தலைமேல் வைக்கும் பொருள் என்றால் ஒரு சொம்பையோ ஓலைக் கொட்டானையோ நிஜமாகவே தலைமேல் வைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் நகரும், அதனால் தூணின் நிழல் விளிம்பைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டு, நிழல் அந்தக் குறியைத் தாண்டியதும் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்.

இரவல் கடிகாரம்

புதிதாக வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் படத்திலேயே உருகும் கடிகாரத்தைப் போடுகிறார்கள். டாலி அந்தப் படத்தில் கடிகாரங்களுக்குப் பின்னால் வைத்தது, சிறுவயதிலிருந்து அவருக்குப் பழகிய கட்டலோனியக் கடற்கரைப் பாறைகளை. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1925இல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு உடைந்தவர்; 1944இல் தன்னையே வரைந்தபோது முதுகெலும்பு இருக்குமிடத்தில் சிதைந்த கல்தூணை வைத்தார். அந்தத் தூணை வேறு யார் படத்தில் வைத்தாலும் நிற்காது. உங்கள் அப்பத்தாவின் முகத்தை வரைகிறீர்கள் என்றால் அப்பத்தாவிடம் அரைமணி நேரம் பேசுங்கள். ரங்கூனிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்வார்கள். அது போதும்.

கண் வராதபோது பூ வைப்பது

கண் வரைய வராதவர்கள் அதன்மேல் ஒரு பூவை வைத்து மறைத்துவிடுகிறார்கள். பெல்ஜிய ஓவியர் மாக்ரித்தின் 'மனிதகுமாரன்' ஓவியத்தில் ஒருவர் முகத்தை ஆப்பிள் மறைத்திருக்கும்; அந்த ஆப்பிளின் விளிம்புக்கு மேலே கண் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். முழு முகம் தெரிந்தவர் மறைத்த ஆப்பிள் அது. முதலில் கண்ணை வரைந்து பழகுங்கள்.

கை நீட்டி எடுத்த செல்ஃபி

அதைப் பார்த்து வரைந்தால் மூக்கு பெருத்துவிடும், காது ஒடுங்கும். ஆறடி தள்ளி நின்று எடுங்கள்.

லட்சணம்

இது பெரியவர்கள் வகுப்பின் தப்பு. தலையில் மரம் முளைக்க வைக்கத் தயங்காதவர்கள், கன்னத்துச் சுருக்கத்தைப் போடத் தயங்குகிறார்கள். "அம்மா லட்சணமா வரணும் சார்" என்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் சுருக்கத்தை வழித்துவிட்டால் அது யார் அம்மாவோ ஆகிவிடும். ஆள் அடையாளம் போனபின் மரம் யார் தலையில் முளைத்தால் என்ன?

வார்னிஷ்

படம் முடிந்ததும் மேலே வார்னிஷ் பூசிவிடாதீர்கள், ஆறு மாதமாவது பொறுங்கள்.

பையனிடம் மயிலைச் சுரண்டச் சொல்லவில்லை. படம் காயட்டும் என்று சுவரோரம் திருப்பி வைத்திருக்கிறோம். அப்புறம், ஐயாவையும் நாலைந்து மயிலிறகையும் வரும் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்குள் வரவேண்டும், பதினொன்றரைக்குத் தூணின் நிழல் குறியைத் தாண்டிவிடும்.